கோத்தகிரி: குழந்தைகளின் பரிசோதனைச் செலவு காப்பீட்டில் கிடைக்குமா?

கேள்வி: மகனுக்கு 6 வயது, மகளுக்கு 4 மாதம். கண், காது, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல்வர் காப்பீட்டு அட்டையும் தனியார் பாலிசியும் இருக்கின்றன. எதில் பணம் கிடைக்கும்?

பதில் 1: முதல்வர் அட்டை பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். வெறும் பரிசோதனைக்கு அதை நம்பிப் போகாதீர்கள். ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளுக்கான அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழு அங்கன்வாடிக்கு வருடம் 2 முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும், இலவசம். குறை தென்பட்டால் பரிந்துரைச் சீட்டு தருவார்கள், தொலைத்துவிடாதீர்கள்.

பதில் 2: தனியார் பாலிசியில் 'ப்ரிவென்டிவ் ஹெல்த் செக்-அப்' (நோய் வருமுன் செய்யும் பரிசோதனை) பக்கத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் அது பெரியவர்களுக்கு மட்டும். ஒருநாள் அட்மிட் ஆகி க்ளெய்ம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் 'எக்ஸ்க்ளூஷன் 04' (பரிசோதனைக்கு மட்டும் சேர்ந்தால் பணம் இல்லை என்ற விதிவிலக்கு) காட்டி நிராகரிப்பார்கள். வருமான வரியில் பழைய வரிமுறையில் இருந்தால், இந்தப் பரிசோதனைச் செலவை 80டி பிரிவில் ரூ.5,000 வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும், ரசீது முக்கியம்.

பதில் 3: அக்கா, ரத்தப் பரிசோதனையில் வரும் ஹீமோகுளோபின் அளவில் மலைக்காரர்கள் ஏமாறுவது உண்டு. உயரத்தில் அது இயல்பாகவே கூடும். ஊட்டி 2,240 மீட்டர்; அங்கே வசிக்கும் குழந்தைக்கு 1.4 கிராம் கழித்துப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 வயதுக்குக் குறைந்தபட்ச வரம்பு 11.5 கிராம். ரிப்போர்ட்டில் 12 இருந்தால் உண்மையில் 10.6, அதாவது ரத்தசோகை. கோத்தகிரிக்குக் கழிவு சற்றுக் குறைவு, டாக்டரிடம் உயரத்தைச் சொல்லுங்கள். பாப்பாவுக்கு சிக்கிள் செல் (பரம்பரை ரத்த நோய்) பார்ப்பதானால் கரைதிறன் சோதனை 6 மாதத்துக்கு முன் தப்பாக 'இல்லை' காட்டலாம்; ஹெச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள்.