வலது கையில் மாவுக்கட்டு, கீபோர்டை வைத்தே கர்சரை நகர்த்த முடியுமா?

இலைக்கணக்கு, கோத்தகிரி
மழையில் படி வழுக்கி வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு பிரிக்க இன்னும் நாள் ஆகும். நான் கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை கொள்முதல் கணக்கு எழுதுகிறேன். இலை வரத்து அதிகமான நேரம், லீவு போட முடியாது. எண்களை இடது கையாலேயே தட்டிவிடுகிறேன், மவுஸ்தான் பாடாய்ப் படுத்துகிறது. இடது கையில் பிடித்தால் கர்சர் எங்கேயோ போகிறது. கொள்முதல் சாஃப்ட்வேரில் கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும், ஒரு வரி தள்ளி கிளிக் ஆனால் ஒருவருடைய எடை இன்னொருவர் பெயரில் ஏறிவிடும், சிறு விவசாயிகளுக்குப் பணம் போவதே இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். விண்டோஸ் 10, டெஸ்க்டாப், நம்பர் பேடு உள்ள கீபோர்டு. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்ஃபோர்ட் பிரவுசிங், குன்னூர்
முடியும் அக்கா. மவுஸ் கீஸ் என்று விண்டோஸிலேயே இருக்கிறது, விண்டோஸ் 95 காலத்திலிருந்தே உண்டு, எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஒரு கையால் அது எட்டாது. அதனால் விண்டோஸ் கீயை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டு, மவுஸ் கீஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் அடியுங்கள், செட்டிங்ஸில் அந்தப் பக்கம் திறக்கும். டேப் அடித்து சுவிட்சுக்கு வந்து ஸ்பேஸ்பார். அட்மின் பாஸ்வேர்டு கேட்காது.

அப்புறம் நம்பர் பேடில் 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது. மூலைவாட்டில் போக 7, 9, 1, 3. நடுவில் இருக்கும் 5தான் கிளிக், கூட்டல் குறி டபுள் கிளிக். 0 அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், இழுத்துப் போய்ப் புள்ளியை அழுத்தினால் விட்டுவிடும். ரைட் கிளிக் வேண்டுமென்றால் முதலில் கழித்தல் குறி, பிறகு 5. இதில் ஒரு விஷயம் கவனம், கழித்தலை ஒருமுறை அழுத்திவிட்டால் நீங்கள் சாய்கோடு குறியை அழுத்தும்வரை 5 ரைட் கிளிக்காகவே இருக்கும். என் கடைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் குழம்பிப்போய் அணைத்துவிடுகிறார்கள்.

இலைக்கணக்கு, கோத்தகிரி
ரொம்ப நன்றி தம்பி, கர்சர் நகர்கிறது! ஆனால் இப்போது எடை டைப் ஆகவில்லை. 42 என்று அடித்தால் கர்சர் கொஞ்சம் இடது பக்கம் போய்க் கீழே இறங்குகிறது. மேல் வரிசை எண்களில் அடித்தால் வேகம் வராது, நாளெல்லாம் நம்பர் பேடுதான் எனக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார், மூஞ்சிக்கல், கொடைக்கானல்
தங்கச்சி, அதே பக்கத்தில் நம்லாக் எரியும்போது மட்டும் மவுஸ் கீஸ் வேலை செய்யட்டும் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இனி நம்லாக் விளக்கு எரிந்தால் எண், அணைந்திருந்தால் கர்சர். எடை அடித்து முடித்ததும் நம்லாக்கை ஒரு தட்டு, கர்சரை நகர்த்தி 5, மறுபடி ஒரு தட்டு. கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் இப்படி வைப்பதுதான் சரி.

எனக்குக் கை நடுக்கம் உண்டு, காலையில் குளிரில் இன்னும் அதிகமாகும், அதனால் பல வருடமாக இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கர்சர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஊர்ந்து போவதற்குள் பொறுமை போய்விடும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டால் வேகமாகப் போகும், ஷிஃப்ட் அழுத்தினால் மெதுவாகும் என்று ஒரு வசதி இருக்கிறது, இரண்டு கை உள்ளவர்களுக்கு அது சரி. நீங்கள் அங்கேயே வேகத்துக்கான இரண்டு ஸ்லைடர்களையும் கூட்டி வையுங்கள். அதைவிட நல்லது, தூரத்தை இடது கை மவுஸால் கடந்துவிட்டுக் கடைசி ஓர் அங்குலத்துக்கு மட்டும் நம்பர் பேடு. பொடிக் கட்டத்தில் வரி மாறாமல் நிற்க இதுதான் வழி. கீபோர்டையும் அப்படியே இடது பக்கம் தள்ளி, நம்பர் பேடு நெஞ்சுக்கு நேரே வருகிற மாதிரி வையுங்கள், இல்லையென்றால் இடது கையைக் குறுக்கே நீட்டி நீட்டித் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, பல இடத்தில் கர்சரே தேவைப்படாது. டேப் அடுத்த கட்டத்துக்கு, ஷிஃப்ட் டேப் முந்தைய கட்டத்துக்கு, ஆல்ட்டோடு கீழ் அம்புக்குறி பட்டியலைத் திறக்கும், ஷிஃப்ட் எஃப்10 ரைட் கிளிக் மெனு. சேர்த்து அழுத்தக் கை எட்டாவிட்டால் ஷிஃப்டை ஐந்து தடவை தட்டுங்கள், ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும், சரி கொடுங்கள். பிறகு ஷிஃப்டைத் தட்டி விட்டுவிட்டு எஃப்10 தட்டினாலே போதும்.

பெட்ஃபோர்ட் பிரவுசிங், குன்னூர்
வாத்தியார் சொன்னது நூற்றுக்கு நூறு. அக்கா, ராத்திரி ஷிப்டில் இருப்பவரும் அதே லாகினில் உட்காருவார் என்றால் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், நம்லாக் அணைந்திருந்தால் கர்சர் தானாக நகர்கிறது, வைரஸ் வந்துவிட்டது என்று பயந்துவிடுவார். வீட்டில் லேப்டாப்பில் நம்பர் பேடு இல்லையென்றால் யுஎஸ்பி நம்பர் பேடு தனியாகக் கிடைக்கும், அதை இடது பக்கமே வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் மேக்கில் மட்டும் தனி நம்பர் பேடு தேவைப்படாது, மவுஸ் கீஸைப் போட்டால் 7, 8, 9, யூ, ஓ, ஜே, கே, எல் எழுத்துகளே கர்சரை நகர்த்தும், ஐ எழுத்து கிளிக்.