மறு: ஆயில் பிரஷர் கேஜ் – மானியா, காட்டியா?

அனைவருக்கும் வணக்கம்.

> 'எண்ணெய் அழுத்தமானி' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது. நம் கார் கலைச்சொல் பட்டியலில் 'ஆயில் பிரஷர் கேஜ்' என்ற அந்த ஒரே சொல்லின் கீழ் மூன்று கருவிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பழைய கார் வாங்குகிறவர் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொண்டால் செலவு இன்ஜின் அளவுக்கு வரும்.

முதலாவது, அசல் கேஜ், அதாவது இன்ஜினுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தை உண்மையாகவே அளப்பது. இன்ஜின் பிளாக்கில் திருகிய உணரிக்குள் (சென்சார்) ஒரு மெல்லிய தகடு. எண்ணெய் அதைத் தள்ளத் தள்ள மின்தடை மாறும், டாஷ்போர்டில் முள் நகரும். இரண்டாவது, சிவப்பு விளக்கு. அங்கே இருப்பது வெறும் சுவிட்ச். பல கார்களில் அழுத்தம் 5 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வாக்கில் விழுந்த பிறகுதான் விளக்கு எரியும். அதற்குள் இன்ஜினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அடிவாங்கத் தொடங்கியிருக்கலாம்.

மூன்றாவதில்தான் வில்லங்கம். பார்த்தால் கேஜ், முள்ளும் உண்டு. உள்ளே இருப்பதோ விளக்குக்குப் போடுவது போன்ற வெறும் சுவிட்ச். மாஸ்டாவின் எம்எக்ஸ்-5, அதாவது அமெரிக்காவில் மியாட்டா என்று விற்ற கார், இதற்கு நல்ல உதாரணம். 1990 முதல் 1994 மாடல் வரை அசல் கேஜ். 1995 மாடலிலிருந்து டாஷ்போர்டில் முள் அப்படியே இருக்கிறது, உணரி இருந்த இடத்துக்கு சுவிட்ச் வந்துவிட்டது. ஃபோர்டும் பல மாடல்களில் இதே வேலையைச் செய்தது. அழுத்தம் ஓரளவு வந்ததும் சுவிட்ச் மின்சுற்றை இணைக்கும், ஒரு நிலையான மின்தடை வழியே மின்சாரம் போகும், முள் நடுவாக்கில் போய் நின்றுகொள்ளும். 10 பி.எஸ்.ஐ. என்றாலும் அங்கேதான், 60 என்றாலும் அங்கேதான்.

> ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? ஏமாற்று வேலையா?

பொதுவாகச் சொல்லப்படும் காரணம் வேடிக்கையானது. அசல் முள் ஓயாமல் ஆடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மேலே நிற்கும். நன்றாக ஓட்டிச் சூடேறியபின் சிக்னலில் நின்றால் எண்ணெய் நீர்த்திருக்கும், பம்பும் மெதுவாகச் சுற்றும், முள் தடாலென்று கீழே வரும். இது இயல்பு. ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குச் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) சுமார் 10 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. இது தெரியாதவர்கள் பதறிப்போய் ஷோரூமுக்கு ஓடிவந்தார்கள். முள்ளை ஆடாமல் நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இதன் விளைவு பழைய காரில் தெரியும். பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும், எண்ணெய் எளிதாக வழிந்து ஓடும், சூடான ஐடிலில், அதாவது கார் நிற்க இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அழுத்தம் குறையும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய சங்கதியே இதுதான். அதை மூன்றாவது வகை மறைத்துவிடுகிறது. அசல் கேஜ் உள்ள காரிலும் விற்பவர் கெட்டியான எண்ணெயை ஊற்றிவைத்தால் முள் கொஞ்சம் மேலே நிற்கும், அது வேறு கதை.

> இரண்டுக்கும் முள் இருக்கிறது. ஆகவே இரண்டும் மானிதான்.

இங்கேதான் உடன்பட முடியவில்லை. வெப்பமானி, பாரமானி, மழைமானி எல்லாம் அளவு சொல்பவை. நாட்காட்டியும் திசைகாட்டியும் காட்டுவதோடு சரி. அளக்காத ஒன்றுக்கு மானி என்று பெயர் வைத்தால் அந்தக் கம்பெனிகள் செய்த வேலையையே நாமும் செய்கிறோம்.

> 'பொய்மானி' அல்லது 'பொம்மைமானி'?

பொம்மைமானி கேட்க நன்றாக இருக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அழுத்தம் அடியோடு போனால் இதன் முள்ளும் விழத்தான் செய்யும், அந்த மட்டில் அது பொய்யும் இல்லை, பொம்மையும் இல்லை. 'ஒப்புக்குச் சப்பாணி'யை நினைத்து ஒப்புமானி என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன். படிப்பவர் ஒப்பிடும் கருவி என்று எடுத்துக்கொள்வார், அதனால் வேண்டாம்.

என் முன்மொழிவு: அசலுக்கு எண்ணெய் அழுத்தமானி. விளக்குக்கு எண்ணெய் அழுத்த விளக்கு. மூன்றாவதற்கு இருநிலை அழுத்தங்காட்டி. உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது.

> மசகு எண்ணெய் என்று ஏன் போடவில்லை?

இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். விளக்கத்தில் உயவெண்ணெய் (உராய்வைக் குறைக்கும் எண்ணெய்) என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதேபோல் அங்கே அமுக்கம் என்பார்கள், ஆகவே அமுக்கமானியையும் இணைச்சொல்லாகத் தரலாம்.

பட்டியலில் இந்தச் சொல்லுக்கான பதிவில், கார் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பார்க்கவும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லவும். குளிரில், சூட்டில், ஐடிலில், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கையில் என்று எப்போது பார்த்தாலும் முள் ஒரே இடத்தில் நின்றால் அது காட்டி. சந்தேகம் இருந்தால் உணரியைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி.

பம்பில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வுக்கு 'தணிப்பு வால்வு', 'விடுப்பு வால்வு' என இரண்டு வந்திருக்கின்றன. எனக்குத் தணிப்பு பிடித்திருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், இந்த இழை ஏற்கெனவே நீண்டுவிட்டது.

அன்புடன்