புதுப்பிப்பு: நிபோங் திபாலில் சீனி சேர்க்காத காப்பி

சீனியும் மார்ஜரினும் சேர்க்காமல் வறுத்த லிபெரிக்கா வகைக் காப்பியை, பினாங்கில் இருக்கும் எங்கள் நிபோங் திபால் ஆட்கள் வாங்குவார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் விலையைக் குறைக்கச் சொன்னீர்கள். குறைக்கவில்லை. ஜொகூரிலிருந்து வரும் கொட்டை, கட்டுப்படியாகாது.

கைகொடுத்தது வேறொன்று. சனிக்கிழமை காலையில் கடை வாசலிலேயே வறுக்கிறேன். சந்தைக்குப் போகிறவர்கள் வாசனைக்கு நிற்கிறார்கள். கொட்டை படபடவென வெடிக்கத் தொடங்கியதும் கேள்விகளும் தொடங்கிவிடும். "என்ன தம்பி, கறுப்பாவே இல்லையே, சரியா வறுபடலையா?" என்றார் ஓர் அம்மா. வழக்கமான கோப்பி ஓவின் (பால் சேர்க்காத கடைக் காப்பி) கறுப்பில், வறுக்கும்போது சேர்த்துக் கருகிய சீனிக்கும் பங்குண்டு என்று சொல்லி, இரண்டையும் ஊற்றிக் கொடுத்தேன். இப்போது மற்றவர்களுக்கு அவரே விளக்குகிறார், என்னைவிட நன்றாக!

வறுத்த அன்றே வேண்டும் என்பவர்களிடம்தான் இன்னும் போராட்டம். உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறச் சில நாள் ஆகும், அப்புறம்தான் ருசி சரியாக வரும் என்றால், பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறேனோ என்று ஒரு பார்வை. அதனால் எல்லாப் பையிலும் வறுத்த தேதியை எழுதிவிடுகிறேன்.

சிக்கரி கேட்டிருந்தவர்களுக்கு: ஃபில்டர் காப்பிக்கென்று தனிக் கலவை அடுத்த மாதம் வருகிறது.