மேலூர் வீட்டுச் சொந்தங்கள் குழு

தேவி மதினி (7:10): தம்பிக்குக் காலாண்டில் பிசிக்ஸ் 70-க்கு 24. கே.கே.நகர் டியூஷனில் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள். அவர் துபாயிலிருந்து "கட்டிடு" என்கிறார். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

செல்வி அத்தை (7:12): பதினெட்டாயிரமா!!

முருகேசன் மாமா (7:13): வீட்டிலேயே பிசிக்ஸ் வாத்தியார் இருக்கும்போது எதுக்குக் காசு

முருகேசன் மாமா (7:13): ஆனால் 1992-ல் அத்தானிடம் படித்து நான் என்ன ஆனேன் என்பதையும் யோசித்துக்கொள் 😄

பெரியப்பா (7:31): தேவி, பணம் கட்டாதே. ஃபெட் (PhET) என்று, பிசிக்ஸ் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க ஒரு தளம் இருக்கிறது. இலவசம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. அதற்கு முந்தின வருஷம்தான் நோபல் வாங்கினார். அதில் ஊசல் என்று ஒரு பகுதி. குண்டின் எடையைக் கூட்டினாலும் ஆடும் நேரம் மாறாது. நூலின் நீளத்தை நாலு மடங்காக்கினால் நேரம் இரண்டு மடங்கு. பூமிக்குப் பதில் நிலாவை வைத்தால் ஊசல் சோம்பலாக ஆடும். நான் முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்ததை இவன் விரலால் இழுத்தே பார்க்கலாம். நம் கொல்லைப் புளியமரத்து ஊஞ்சலில் முருகேசன் ஆடினாலும் செல்வி ஆடினாலும் ஒரே நேரம்தானே, அதுதான் கணக்கு.

செல்வி அத்தை (7:33): ஊஞ்சலை ஞாபகப்படுத்தாதீங்க அண்ணே. மரம் வெட்டின காசு எங்கே போச்சு?

பெரியப்பா (7:34): அது வேறு பேச்சு.

முருகேசன் மாமா (7:34): 🤐

தேவி மதினி (7:40): போனைக் கொடுத்தால் கேம்தான் ஆடுவான் மாமா. பாடப்புத்தகத்தில் இருக்கிற கியூஆர் கோடும் வேலை செய்யவில்லை. முருகேசன் மாமா மகன் கொடுத்த பழைய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு மீசையும் கண்ணாடியும் வரைந்து வைத்திருக்கிறான்.

முருகேசன் மாமா (7:41): கலைஞன்

நான் (7:44): மதினி, கட்டத்துக்குக் கீழே ஆறு எழுத்துக் குறியீடு இருக்கும். திக்‌ஷா என்ற அரசுப் பாட ஆப்பில் அதை டைப் செய்தாலே வீடியோ வரும். மீசை அது வரைக்கும் வராதே?

தேவி மதினி (7:45): ஒரு பக்கத்தில் தாடியும் இருக்கு

பெரியப்பா (7:52): ஃபெட்டை ஒருமுறை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே ஓடும். லேப்டாப்பில் போட்டுக் கொடு, கேம் தொல்லை இல்லை. தமிழுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. பழைய நூல்களெல்லாம் இலவசம்.

செல்வி அத்தை (7:53): ஆபீஸ் எங்கே, சிம்மக்கல்லா?

பெரியப்பா (7:58): ஆபீஸ் கிடையாது. பெயர்தான் மதுரை. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் என்பவர் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு தொடங்கினார். உலகம் முழுக்க ஆட்கள் சும்மாவே தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள்.

செல்வி அத்தை (7:59): திருப்பாவை இருக்கா? மார்கழி வருது. எழுத்து பெருசாத் தெரியணும்

நான் (8:00): இருக்கு அத்தை. லேப்டாப்னா, 2013-ல் எனக்கு அரசு கொடுத்தது உங்கள் வீட்டில்தானே? கல்யாண வீடியோ பார்க்க வாங்கிப் போனீர்களே

செல்வி அத்தை (8:02): லேப்டாப் பீரோ மேலே பத்திரமா இருக்கு. சார்ஜரை முருகேசன்தான் கொண்டுபோனான்

முருகேசன் மாமா (8:03): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேவி மதினி (8:05): அப்ப டியூஷனுக்கு என்ன சொல்ல? வெள்ளிக்கிழமைக்குள் கேட்டார்கள்

பெரியப்பா (8:06): சனிக்கிழமை நானே வருகிறேன்.

தேவி மதினி (8:06): சனிக்கிழமை அழகர்கோயில் போகிறோமே மாமா

பெரியப்பா (8:19): 🎤 6:42