புதிய ரயர் போட்ட பின் 85 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறேன். கடந்த மாதம் எனது காருக்கு நான்கு புதிய ரயர்களைப் போட்டு, கடையிலேயே சில்லுகளைப் பலன்ஸ் செய்து (சுற்றிலும் எடையைச் சமப்படுத்தி), எலைன்மென்டும் (சில்லுகளின் கோணமும்) பார்த்தேன். ஊருக்குள்ளும் கல்முனை வீதியிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றபோது, குருநாகலில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி 85 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கி, 95இல் விரல்கள் விறைக்கும் அளவுக்குக் கூடியது. வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது.

பிரேக் பிடிக்கும்போது நடுக்கம் அதிகரிக்கவில்லை என்பதால் டிஸ்க்கில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆசனம் அதிராமல் ஸ்டியரிங் மட்டும் அதிர்வதால் முன் சில்லுகளையே சந்தேகிக்கிறேன். நேற்றுக் கழுவும்போது முன் இடது றிம்மின் உட்புறத்தில், பலன்ஸுக்காக ஈயக்கட்டி ஒட்டும் இடத்தில், விரலளவு பசைத் தடம் மட்டும் இருந்தது. அது பழைய கட்டியின் தடமா, புதிதாக ஒட்டியது விழுந்துவிட்டதா என்று புரியவில்லை. கடையில் மறுபடியும் பலன்ஸ் செய்து தருவதாகச் சொல்கிறார்கள்; ஆனால் ரயரே வட்டம் பிசகியிருந்தால், அல்லது சில்லைப் பூட்டும் ஹப்பில் துரு படிந்து றிம் சரியாகப் பொருந்தாதிருந்தால், எத்தனை முறை பலன்ஸ் செய்தாலும் தீராது அல்லவா?

முன் சில்லுகளைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்ப்பது சரியான சோதனையாகுமா? ரயரின் மீது பாரம் கொடுத்துச் சுழற்றி அளக்கும் பலன்ஸ் இயந்திரம் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ளதா? அடுத்த மாதம் 6ஆம் திகதி அம்மாவுடன் மீண்டும் அதே பாதையில் செல்ல வேண்டியுள்ளது. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து அதற்கு முன் வழிகாட்டுங்கள்.