‘ஒன் இயர் டைப்’ காசு: தமிழில் என்ன சொல்லலாம்?

> ஒரே வருடம் மட்டும் அடித்த காசு வடிவத்தைத்தானே ‘ஒன் இயர் டைப்’ என்கிறார்கள்? ‘ஓராண்டுக் காசு’ என்றே வைத்துவிடலாமே தம்பி. சொல்ல எளிது. மயில் உருவம் போட்ட பழைய பர்மிய மயில் காசையும் அதில் சேர்த்துவிடு, எல்லாவற்றிலும் 1214 என்றுதானே இருக்கிறது?

வணக்கம் அண்ணே,

‘ஓராண்டுக் காசு’ என்றால் ஒரு வருடம் மட்டும் செல்லுபடியான காசு என்று எடுத்துக்கொள்வார்கள். அதுவும் பர்மாவில்! கையிலிருந்த நோட்டு செல்லாது என்று 1985-லும் 1987-லும் கேட்ட ஊர் இது. இங்கே வேறு எப்படிக் காதில் விழும்?

மயில் காசைச் சேர்ப்பதில்தான் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. பர்மிய ஆண்டு 1214 என்பது கி.பி. 1852-53, மிண்டோன் மன்னர் பட்டத்துக்கு வந்த ஆண்டு. ஆனால் அந்தக் காசை அடித்த அக்கசாலை மாண்டலேயில் இருந்தது. மாண்டலே நகரம் உருவானதே 1857-ல்தான். ஊரே இல்லாத காலத்தில் அங்கே காசு அடித்திருக்க முடியுமா? பின்னால் பல வருடங்கள் அடித்தும் ஆண்டை மட்டும் மாற்றவில்லை, அவ்வளவுதான். விக்டோரியா ரூபாயிலும் இதே கதை. 1862 என்று போட்டு 1874 வரை அடித்தார்கள். பம்பாய் அக்கசாலையில் அடித்ததாக இருந்தால் பின்பக்கத்துப் புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணி வருடம் பிரிக்க வேண்டும், கண் போய்விடும். இவற்றுக்கு ‘மாறா ஆண்டுக் காசு’ என்று தனிச்சொல் வைப்போம்.

நாம் தேடுவது வேறு. ஒரு வடிவம் ஒரே வருடம் அடிக்கப்பட்டு, அடுத்த வருடம் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். 1911 பன்றி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் தொங்கும் யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய், பார்த்தவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்துவிட்டது. முஸ்லிம்கள் எதிர்க்க, பெரும்பாலான காசுகளை உருக்கிவிட்டு 1912-ல் தும்பிக்கையைத் திருத்தினார்கள். மதிப்பு, உலோகம், எடை எதுவும் மாறவில்லை. மாறியது நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு யானை. அதனாலேயே 1911 தனி வகை. ஆக, ஆண்டைவிட ‘வகை’தான் இங்கே முக்கியம். அதை விட்டுவிட்டால் பொருளே போய்விடும். என் ஓட்டு ‘ஓராண்டு வகை’க்கு. இரண்டு வருடம் அடித்ததை ‘ஈராண்டு வகை’ என்றும் நீட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், ‘ஓராண்டு வார்ப்பு’ என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. வார்ப்பு என்றால் உருக்கி ஊற்றுவது. இவை அச்சு வைத்து அடித்த காசுகள்.

ரங்கூனிலிருந்து தம்பி

---

தம்பிக்கு,

மயில் காசு விஷயம் சரி, விட்டுவிடுகிறேன். ‘மாறா ஆண்டு’ நன்றாக இருக்கிறது. ஆனால் ‘ஓராண்டு வகை’ என்று மொட்டையாக எழுதினால் எதன் வகை, நெல்லா, துணியா என்று படிப்பவன் கேட்பான். முதல் தடவை ‘ஓராண்டு வகைக் காசு’ என்று முழுதாக எழுது, பிறகு சுருக்கிக்கொள்.

இன்னொன்று. பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் படம் போட்ட 1966 அலுமினியக் காசுகள் என்னிடம் முழு செட்டாக இருக்கின்றன: 1, 5, 10, 25, 50 பியா (நூறு பியா ஒரு சாட், நம் பைசாவும் ரூபாயும் மாதிரி). ஐந்திலும் அதே முகம், அதே வருடம். இதை ஒரு வகை என்பதா, ஐந்து என்பதா? பத்து பியா சதுரம், ஐந்து பியாவுக்கு விளிம்பு பூவிதழ் மாதிரி. ஐந்து என்றுதான் எனக்குப் படுகிறது. ஐந்தையும் சேர்த்துச் சொல்ல ‘ஓராண்டு வரிசை’ என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. 1999-ல் வந்த சாட் காசுகளும் அதே வரிசைக் கணக்கில் வரும். விலைவாசி ஏறிய வேகத்தில் ஒரு சாட் காசுக்குக் கடையில் என்ன கிடைக்கும் சொல்? அதனால்தான் புதுக்கருக்கு மாறாமல் அகப்படுகின்றன.

வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் ‘மாறா ஆண்டுக் காசு’, ‘ஓராண்டு வகை’, ‘ஓராண்டு வரிசை’ மூன்று சொல்லையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடு.

மோல்மேனிலிருந்து அண்ணன்