மலை தாண்டி வரும் சூட்டுக்காற்றுக்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மலையின் ஒரு பக்கம் மழையை இறக்கிவிட்டு மறுபக்கம் சூடாகவும் உலர்ந்தும் இறங்கும் காற்றை ஜெர்மன் மொழியில் Föhn என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே இங்கே கேள்வி. 'வெப்ப உலர்காற்று' என்ற பரிந்துரை எனக்குச் சரியாகப் படவில்லை. ராஜஸ்தானில் மே, ஜூனில் வீசும் லூவும் சூடான உலர்காற்றுதான். அது எந்த மலையிலிருந்தும் இறங்குவதில்லை. 'மலையிறங்கு காற்று' என்றால் இரவில் சரிவில் வழியும் குளிர்காற்றும் அதில் அடங்கிவிடும். அந்த ஜெர்மன் சொல்லை 'ஃபோன்' என்று அப்படியே எழுதினால் படிப்பவர் தொலைபேசியைத்தான் நினைப்பார்.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மத்திய மலைநாட்டில் மோதுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. மேகம் கட்டியபின் மேலேறும் காற்று 1000 மீட்டருக்குச் சுமார் 6 பாகை (டிகிரி செல்சியஸ்) மட்டுமே குளிர்கிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. மழையை இந்தப் பக்கமே இறக்கிவிட்டு மறுபக்கம் இறங்கும்போதோ 1000 மீட்டருக்குச் சுமார் 10 பாகை சூடேறுகிறது. மேகத்துக்குள் 1500 மீட்டர் ஏறி அதே அளவு இறங்கினால் 6 பாகை கூடிவிடும். மலைநாட்டு ஹட்டனில் குடையோடு நடக்கிற அதே ஜூலையில் கிழக்குக் கரையின் மட்டக்களப்பு வறண்டு கிடப்பது இதனால்தான். அங்கே பிற்பகலில் கடற்காற்று வந்து ஆற்ற வேண்டும். இந்தக் காற்று பலத்து வீசும் நாளில் அதைக் கரையேறவே விடாது. வெப்பம் 37 பாகையை ஒட்டிப் போகும்.

இலங்கையில் இதன் பெயர் கச்சான். அமெரிக்க வானிலையியல் கழகத்தின் கலைச்சொல் அகராதியிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையோர மக்களின் சொல் உலகப் பொதுச்சொல் ஆகலாம் என்றால் நம் சொல்லும் ஆகட்டும். என் பரிந்துரை: காற்றுக்குக் 'கச்சான் காற்று', அது மலை தாண்டிச் சூடேறும் நிகழ்வுக்குக் 'கச்சான் விளைவு'.

மறுமொழி:

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. எங்கள் பக்கம் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். 'காற்று' சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும். என் தயக்கம் வேறு. வாடை, கொண்டல் போலக் கச்சானும் திசைப்பெயர். கடலுக்குப் போகிறவர் கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்றைத்தான் சொல்கிறார், அது மலை தாண்டியதா என்று பார்ப்பதில்லை. ஆல்ப்ஸின் வடசரிவில் இறங்குவதோ தெற்கிலிருந்து வரும் காற்று. அதைக் கச்சான் என்றால் நம் மீனவரின் சொல்லைச் சிதைத்தவர்கள் ஆவோம்.

எனவே காற்றின் பொதுப்பெயர் 'மலைதாண்டு காற்று' என்று இருக்கட்டும். கச்சானையும் வட அமெரிக்காவின் ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்றையும் அதன் வகைகளாகக் காட்டலாம். 'கச்சான் விளைவு' எனக்கும் சம்மதம். அங்கே திசை குறுக்கிடாது.